சட்டைப்பையில் இருந்த ஆதார் அட்டை

போன வருடம் புரட்டாசியில், நீடாமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் நடந்தது இது.

தஞ்சாவூரில் ஓட்டல் வேலைக்குப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றில் நான் ஆசிரியர். ரிசப்ஷன் வேலையைச் சொல்லிக்கொடுப்பவன். வருகிறவரைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும், ஆனால் அடையாள அட்டையை வாங்காமல் அறைச் சாவியைக் கொடுக்கக் கூடாது. இருபது வருடமாக இதுதான் என் முதல் பாடம். சொல்லிச் சொல்லி எனக்கே அது ஊறிப்போய்விட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரைக்கூட நான் ஏற இறங்கப் பார்ப்பதாக என் மனைவி கிண்டல் செய்வாள்.

அந்தச் சமயம் எங்கள் நிறுவனம் ஆன்லைன் பாடத்துக்கு மாறியது. ஒவ்வோர் ஆசிரியரும் தன் பாடங்களை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், முடியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் மல்லுக்கட்டி, பதினெட்டுப் பாடங்களையும் என் போனிலேயே எடுத்து முடித்தேன். ஆனால் அனுப்பவில்லை. பாடத்தை வாங்கிக்கொண்டு ஆளைக் கழற்றிவிட்டால் என்ன செய்வது? கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனிலேயே வைத்திருந்தேன். வேறு எங்கும் நகல் கிடையாது.

அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, ஊழியர்கள் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி வரை நடப்பதாக முடிவானது. திரட்டுவது குழந்தைகளுக்குத்தான் போகுமா என்று அதிலும் எனக்குச் சந்தேகம். வராவிட்டால் என் பேரைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் மதியம் நல்ல மழை. நாங்கள் ஆறு பேர் பின்தங்கி நனைந்துகொண்டிருந்தபோது, சாலையோர வீட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். "மழை விட்டதும் போகலாம், உள்ள வாங்க."

அவர் மனைவி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். சுடச்சுட ரசம் சாதமும் அப்பளமும் வந்தது. முன்பின் தெரியாத ஆறு பேருக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. போனில் சார்ஜ் தீரும் நிலை, வீட்டிலோ கரண்ட் இல்லை. "என் பாடமெல்லாம், என் பிழைப்பே இதுலதாங்க இருக்கு" என்று அவரிடம் புலம்பிவிட்டு, அசதியில் சுவரோரம் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது போன் இல்லை. அவரும் இல்லை. மற்ற ஐந்து பேரும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள்.

"சார்ஜ் போட்டுக் கொண்டாரேன்னு அவருதான் எடுத்துட்டுப் போனாருங்க" என்றார் அந்த அம்மா. "நெல்லு கொட்டியிருக்கிற எடத்துக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு."

நெல் கிடக்கிற இடத்தில் சார்ஜ் ஏது? அவர் நம்பருக்குப் போடச் சொன்னேன். ஸ்விட்ச் ஆஃப். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். "அவர் ஆதார் அட்டை இருந்தா குடுங்க. போன் வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

அந்த அம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய், பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்து கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன்.

மழை விட்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, ஆள் எப்படி, கடன் கிடன் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரா? கொள்முதல் நிலையத்துல இருப்பாரு. ஆறு நாளா நெல்லோட காத்துக் கெடக்காரு, சாப்பிட மட்டும்தான் வீட்டுக்கு வருவாரு. இன்னைக்குத்தான் அவரு முறை."

அங்கே போனேன். தார்ப்பாய் மூடிய நெல் குவியல்களுக்குப் பக்கத்தில், டிராக்டர் இன்ஜினை ஓடவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார் மனிதர். பாலிதீன் பையில் சுற்றிய என் போன் அவர் மடியில். டிராக்டர் பேட்டரியிலிருந்து அதற்கு ஒரு வயர்.

"வாங்க சார். எண்பதுக்கு மேல ஏறிடுச்சு. என் போனும் செத்துப்போச்சு. உங்களுது முடியட்டும்னு இருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் எடை போடும் இடத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "என்னப்பா, பில்லு போட ஆதார் வந்துச்சா?"

"இல்லண்ணே. வீட்டுக்கு ஆளு அனுப்புனேன். எங்க வெச்சோம்னு தெரியலன்னு அவ சொல்லி அனுப்பிட்டா."

"அப்ப நாளைக்குப் பாரு. அடுத்த ஆளோடதைத் தராசுல ஏத்தியாச்சு."

தன் கையால் அட்டையைக் கொடுத்த அந்த அம்மா, புருஷன் திட்டினாலும் பரவாயில்லை என்று, வீட்டுக்கு வந்தவனைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அட்டையை எடுத்து நீட்டினேன். "நான்தாங்க வாங்கி வெச்சிருந்தேன். உங்களைச் சந்தேகப்பட்டு..."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு திட்டு திட்டியிருந்தால் தேவலை. வயரிலிருந்து போனைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "பாடமெல்லாம் இருக்கான்னு பாத்துக்குங்க சார்" என்றார்.

எடை போடுபவரிடம் ஓடிப் போய்க் கெஞ்சினேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அன்றைய எடை அத்தோடு நின்றது. பறக்கிற தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையில் கல்லை வைத்தார் வீட்டுக்காரர். ஓரமாகத் தண்ணீர் நெல்லுக்குள் போவதை இரண்டு பேரும் பார்த்தோம்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா எனக்கும் சேர்த்துத்தான் டீ போட்டார். கிளம்பும்போது வீட்டுக்காரர், "வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க" என்று தன் நம்பரை என் போனில் பதிந்து கொடுத்தார்.

பதினெட்டுப் பாடங்களையும் அனுப்பிவிட்டேன். வேலையும் போகவில்லை. அந்த நம்பரை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்த நெல்லை எடுத்துக்கொண்டார்களா, ஈரம் என்று தள்ளிவிட்டார்களா என்று கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.