குசும் தாயியின் சுளுக்கு

என் அத்தைக்குத் தனியாக டென்னிஸ் ஆடத் தெரியாது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். பாளையங்கோட்டையில் அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் ஆடுகிற டீச்சர்கள் மூன்று பேர் இருந்தார்களாம். நாலாவது ஆள் கிடைக்காமல், மதில்மேல் ஏறி நெல்லிக்காய் பறித்துக்கொண்டிருந்த அத்தையை இறங்கச் சொல்லி, தண்டனைக்குப் பதிலாகக் கையில் மட்டையைக் கொடுத்தார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் அவள் ஆடிப் பழகினாள்.

"ஒத்தைல ஆடுதவங்க பாவம்லா," என்பாள். "தப்பாப் போச்சுன்னா ஏசுததுக்குக்கூட ஆள் கிடையாது."

அந்த மட்டைதான் அவளுக்குப் பம்பாயில் வேலையும் வாங்கிக் கொடுத்தது. கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸ். விளையாட்டுக்காரர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்த காலம் அது. மூன்று மணி வரை டைப் அடிக்க வேண்டும். அதற்குமேல் மைதானத்துக்குப் போய்விடலாம். செம்பூரில் எங்களோடுதான் இருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் யாராவது ஒரு அம்மாள் என் அம்மாவை ஓரமாக அழைத்துப் போய், இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததைப் பற்றி விசாரிப்பாள். அம்மா அதை அப்படியே கொண்டுவந்து மத்தியானச் சாப்பாட்டோடு பரிமாறுவாள்.

"முட்டி தெரியப் பாவாடை போட்டுக்கிட்டு ஆடுதாளாமேன்னு கேக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"ரெண்டு முட்டியும் தெரியும்னு சொல்லுங்க மைனி," என்பாள் அத்தை, குழம்பை ஊற்றிக்கொண்டே. "ஒண்ணு மட்டும் தெரிஞ்சாத்தான் அசிங்கம்."

அவளுடைய ஜோடி குசும் தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. அதே ஆபீஸ்தான். குர்லா ஸ்டேஷனை ஒட்டி வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்த ஒரு சாலில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தாள். குட்டையான உடம்பு, காலில் சக்கரம் கட்டியதுபோல ஓட்டம். அத்தை வலைக்கு முன்னால் நிற்பாள், குசும் தாயி பின்னால். எதிராளி அத்தையின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தால் அத்தை திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இடுப்பில் கை வைக்காத குறையாக நின்றுகொண்டிருப்பாள். பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும்; பந்து எதிர்ப்பக்கம் போயிருக்கும். ஐந்து வருடங்களாக ஆபீஸ்களுக்கு இடையிலான கோப்பையை வேறு யாரும் தொட முடியவில்லை. பெரிய போட்டிகளில் மட்டும் அரையிறுதிக்கு வந்து, மலபார் ஹில்லைச் சேர்ந்த இரண்டு பணக்காரப் பெண்களிடம் தோற்றுத் திரும்புவார்கள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த இருவரில் ஒருத்தி கல்யாணமாகி லண்டனுக்குப் போய்விட்டாள். மற்றவள் எப்போதும் வெள்ளைத் தொப்பி போட்டு ஆடுகிறவள். எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு சனிக்கிழமை வெள்ளைத்தொப்பி காரில் செம்பூருக்கு வந்து, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். அதில் ஜெயிக்கிற ஜோடியை இலங்கையில் ஆட அனுப்பப்போகிறார்கள். வலைக்கு முன்னால் நிற்க இந்த ஊரில் உன்னைவிட்டால் ஆள் இல்லை, என்னோடு ஆடு என்றாள். அத்தை டீயை நீட்டிக்கொண்டே, தனக்கு ஜோடி இருக்கிறது என்று இந்தியில் சொன்னாள். வந்தவள் டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "கார் வீடு தேடி வந்திருக்கு. இவ டீ குடுத்து அனுப்புதா! இன்னும் எத்தன வருஷம் ஓடுவ நீ?"

"ஓடுதது குசும்லா அண்ணே. நான் நிக்கத்தான செய்யுதேன்," என்றாள் அத்தை.

திங்கட்கிழமை ஆபீஸில் இதைக் குசும் தாயியிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னாளாம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். அந்த வியாழக்கிழமை குர்லா ஸ்டேஷன் பாலத்துப் படியில் குசும் தாயி வழுக்கி விழுந்து, இடது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. ஆபீஸுக்கு லீவு. பார்க்கப் போன அத்தையிடம், வெள்ளைத்தொப்பியோடு போய் ஆடு என்று குசும் தாயி தன் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அத்தை அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு மலபார் ஹில் பக்கம் போனாள்.

அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் நானும் அத்தையும் குர்லாவுக்குப் போவோம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தைலம் ஒரு பாட்டிலில் இருக்கும். குசும் தாயி கட்டிலில் தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருப்பாள். அத்தை கட்டைப் பிரித்துத் தைலம் தேய்த்து மறுபடி கட்டிவிடுவாள். குசும் தாயியின் அம்மா எனக்குச் சுடச்சுட போஹா, அதாவது அவல் உப்புமா, தருவாள். அதனால் அந்தச் சுளுக்கைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

என் பள்ளிக்கூடம் மாட்டுங்காவில் இருந்தது. தினமும் காலையில் அப்பா என்னைச் செம்பூரிலிருந்து கூட்டிவந்து, குர்லாவில் வண்டி மாற்றிவிடுவார். போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது ஒரு காலை, நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா யாரோ ஒருவரின் பேப்பரை அவர் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி கிளம்பியது. அப்போது பாலத்துப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஒரு பெண் ஓடி வந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். கையில் ஒரு காகிதம். கூடைக்காரிகளுக்கும் கூலிகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து, நகர்கிற வண்டிக்குப் பக்கத்தில் பிளாட்பாரம் முடியும் வரை ஓடி, ஜன்னல் வழியாக நீண்ட ஒரு கையில் அந்தக் காகிதத்தைத் திணித்தாள். கை குசும் தாயியின் தம்பியுடையது. அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான் என்று பின்னால் தெரிந்தது. ஓடியவள் குசும் தாயி.

ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்து அந்த வருடப் பரிசை வாங்கியவள் நான். சாயங்காலம் வரை பொறுப்பதே பெரும்பாடாக இருந்தது. அத்தை படி ஏறும்போதே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, குசும் தாயி பொய் சொல்லுதா! கால்ல ஒண்ணுமே இல்ல. நான் பாத்தேன், ஓடுதா!"

எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏசப்போகிறாள் என்று நான் ஆவலோடு நின்றேன்.

"காயிதத்தக் குடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா. ஒரு செருப்பு கழண்டு விழுந்துட்டு. ஆனாலும் நிக்கல."

"நிக்கமாட்டா," என்றாள் அத்தை. அவள் முகத்தில் வந்தது சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இத நீ பாக்கல. அண்ணன்ட்ட சொல்லக் கூடாது, மைனிட்ட சொல்லக் கூடாது. குசும்ட்ட செத்தாலும் சொல்லக் கூடாது," என்றாள்.

இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு ஒரு மிட்டாய்கூட இல்லை. பொய் சொன்னவளுக்குத் தைலம். ஆமாம், தைலம்தான். அடுத்த ஞாயிறும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குசும் தாயி வழக்கம்போலத் தலையணைமேல் கால் வைத்துப் படுத்திருந்தாள். அத்தை கட்டைப் பிரித்து, கட்டைவிரலால் கணுக்காலை அமுக்கினாள்.

"துக்தா ஹை?" வலிக்கிறதா என்று கேட்டாள்.

"பஹுத்," ரொம்பவே வலிக்கிறது என்று குசும் தாயி கண்ணை மூடிக்கொண்டு முனகினாள்.

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் இடது கை என் சடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. வலது கை நிற்கவில்லை. தைலம் முழுக்கத் தோலில் ஊறி, பாதம் காய்ந்துபோன பிறகும் அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போஹாவைக்கூட நான் அன்றைக்குக் கோபத்தோடுதான் தின்றேன்.

போட்டியில் அத்தையும் வெள்ளைத்தொப்பியும் இறுதியாட்டம் வரை வந்துவிட்டார்கள். எதிரே கல்கத்தாவிலிருந்து வந்த ஜோடி. அப்பா பட்டறைக்கு லீவு போட்டார். அம்மா, பாவாடையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். கட்டுப் போட்ட காலோடு, தம்பியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு, குசும் தாயியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளோடு பேசவில்லை.

முதல் செட் போய்விட்டது. கல்கத்தாக்காரிகள் கெட்டிக்காரிகள். அத்தையின் தலைக்கு மேலேயே பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். அத்தை பழைய வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நின்றாள். வெள்ளைத்தொப்பி தன் மூலையில் அழகாக ஆடுகிறவள். அடுத்தவர் மூலைக்கு ஓடிப் பழக்கமில்லை. பந்து விழுந்து தெறித்து ஓடும். இரண்டாவது செட்டிலும் அதேதான். பக்கத்தில் குசும் தாயி நகத்தைக் கடித்தாள், முந்தானையைக் கடித்தாள், ஏதோ முணுமுணுத்தாள். மறுபடி ஒரு பந்து தலைக்கு மேலே போய் விழுந்தது. அவ்வளவுதான், துள்ளி எழுந்து பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினாள்.

"பீச்சே மை நஹி ஹூம்! அரே, பீச்சே மை நஹி ஹூம்!"

பின்னால் நான் இல்லை! மைதானமே திரும்பிப் பார்த்தது. நடுவர் கையைத் தூக்கி எச்சரித்தார். சிலர் சிரித்தார்கள். அத்தையும் திரும்பினாள். பெஞ்சின்மேல் இரண்டு காலும் நன்றாக ஊன்றி நின்ற குசும் தாயியை முழுதாகப் பார்த்தாள். இதோ, எல்லாம் வெளிவந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தை ஒன்றும் பார்க்காதவள்போல வலைப்பக்கம் திரும்பி, மட்டையைச் சுழற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆடியது அதுவரை யாரும் பார்த்திராத ஆட்டம். பந்து மேலே எழும்பியதும் திரும்பினாள், ஓடினாள். பந்துக்குப் பிந்தியபோது விழுந்து எழுந்தாள். வெள்ளைப் பாவாடை செம்மண் நிறமானது. ஓடி எடுத்த மறுகணம் வலைக்குத் திரும்பி வந்து நின்றாள். இரண்டாவது செட்டை இழுத்துப் பிடித்தார்கள். மூன்றாவதில் கல்கத்தாக்காரிகளுக்கு மூச்சு வாங்கியது. கடைசிப் பந்தை வலைக்கு முன்னால் நின்று, ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினாள். அது திரும்பி வரவில்லை.

அம்மா தான் எதற்காக வந்தோம் என்பதை மறந்து கைதட்டினாள். குசும் தாயி படிகளில் தடதடவென்று நாலைந்து படி இறங்கிய பிறகுதான் கால் ஞாபகம் வந்து நொண்டத் தொடங்கினாள். அவசரத்தில் வலது காலை நொண்டினாள். கீழே அத்தை வியர்வையும் மண்ணுமாக வந்து கை நீட்டி, "சம்பால்கே," என்றாள். பார்த்து இறங்கு. "கால் இன்னும் வலிக்குதா?"

"இப்போ கொஞ்சம் தேவலை," என்றாள் குசும் தாயி இந்தியில், வெகு சிரத்தையாக.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. அத்தையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவள் நொண்டினாள். அத்தை அவளைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள். பின்னால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நான். இப்படி இரண்டு பொய்க்காரிகள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டவர் எப்படிக் கோப்பை கொடுத்தார் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அத்தை இலங்கைக்குப் போனாள். பிறகு டில்லி, கல்கத்தா, மதராஸ். இன்னும் எட்டு வருடங்கள் ஆடினாள். கடைசிவரை இரட்டையர் ஆட்டம் மட்டும்தான். ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆபீஸ் கோப்பைக்கு மட்டும் குசும் தாயியைத் தவிர யாரோடும் ஆடமாட்டேன் என்று எழுதியே கொடுத்திருந்தாள். முப்பத்தைந்து வயதில், அம்மா நம்பிக்கையை விட்ட பிறகு, தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

அத்தையை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து, முலுண்டில் தம்பி வீட்டில் இருந்த குசும் தாயியைப் பார்க்கப் போனேன். தலை பஞ்சாக நரைத்திருந்தது. நெடுநேரம் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து, என்னைக் கிட்டே இழுத்து, அந்தச் சுளுக்கு வெறும் நடிப்பு என்று காதுக்குள் சொன்னாள். டாக்டரையே பார்க்கவில்லையாம். கட்டுத்துணி பழைய வேட்டியாம். சொல்லச் சொல்ல அவள் கண் பளபளத்தது. வாழ்க்கையில் தான் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் அதுதான் என்றாள். சட்டென்று ஒரு சந்தேகம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் அத்தைக்குக் கடைசி வரைக்கும் தெரியாதில்லையா?"

"தெரியாது தாயி," என்றேன். "கடைசி வரைக்கும் தெரியாது."

ஒன்பது வயதில் நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.