குழாய் என்கிற என் அண்ணன்

அண்ணனுக்கு எங்கள் வீட்டில் பட்டப்பெயர் குழாய். ஒரு திருகு திருகினால் கண்ணீர் வரும், இன்னொரு திருகில் நின்றுவிடும். அண்ணி வைத்த பெயர். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பெயர் போகவில்லை.

துணிக்கடையில் மேற்பார்வையாளர் அவன். சண்டைக்கு வரும் வாடிக்கையாளர் இன்னும் இரண்டு பை துணியோடு திரும்பிப் போவார். அதே வித்தையை எங்களிடமும் காட்டினான். எனக்கு முதன்முதலில் வெளியூரில் வேலை கிடைத்தபோது சாப்பிடாமல் படுத்தான்; நான் போகவில்லை. வரன் ஒன்று கூடி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். அவர்கள் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டான். நானும் போட்டுக் கொடுத்தேன். சலித்துப்போய்விட்டது எனக்கு.

இந்த முறை நான் அவனிடம் மூச்சே விடவில்லை. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை, அம்மாவையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வீடு, எல்லாம் முடிவாகிவிட்டது. அம்மாவும் சரியென்று தலையாட்டிவிட்டாள். அவனிடம் சொல்வதுதான் பாக்கி. அழுதான் என்றால் நான் கரைந்துவிடுவேன், அது எனக்கே தெரியும்.

நான் ஸ்கேன் எடுப்பவள். எங்கள் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அடுத்தவரை வளைத்துப் போடுகிறவர்கள் தங்கள் உணர்ச்சியை மூளைக்குள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பது. ஆள் தேவை என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதும் அண்ணன் தானாக வந்து நின்றான். கேள்வித்தாளில் 'மற்றவர்களை எளிதில் என் வழிக்குக் கொண்டுவருவேன்' என்ற வரிக்கு நேராக அழுத்தி டிக் போட்டான். அதில் பெருமை வேறு.

மெஷினுக்குள் படுத்தான். விரலில் நாடித்துடிப்பு காட்டும் கிளிப். துக்கமான படங்கள் வரும். சிலவற்றுக்கு மனதை அதன் போக்கில் விட வேண்டும், சிலவற்றுக்கு அடக்க வேண்டும்.

"இவங்களுக்கு உள்ள ஒண்ணுமே இருக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது. ஒன்றுமில்லாதவனை விட்டுப் போவது சுலபம்.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. உள்ள கொதிக்கத்தான் செய்யுதோ என்னவோ. முன்பக்க மூளை அதுக்கு மூடி போட்டு அழுத்துதா, அதுக்காக ரொம்ப உழைக்குதான்னுதான் பாக்குறோம். ஒருத்தர் ஸ்கேன வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது," என்றவர் அடுத்த அறைக்குப் போனார்.

இரண்டு படங்களுக்கு நடுவே மெஷின் ஓய்ந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், குரல் மட்டும்தான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. உள்ளே இருப்பவரோடு பேசும் மைக்கை அழுத்தினேன்.

"அண்ணா, எனக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. போகப்போறேன்."

குழாய் திறந்தது. "என்னம்மா இப்படிச் சொல்ற... நான் செத்துருவேன்மா." ஒரே தேம்பல். திரையில் நாடி எழுபத்திரண்டு. அசையவில்லை.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். வீடு பாத்தாச்சு."

தேம்பல் பட்டென்று நின்றது. பிறகு சிரித்தான். "சரி, போய்ட்டு வாங்க. எனக்கென்ன, ஜாலியா இருப்பேன்."

தொண்ணூறு. நூறு. நூற்றுப் பதினைந்து.

பாவி. இத்தனை வருஷமும் பொய்யை அழுது காட்டிவிட்டு, நிஜத்தைச் சிரித்து மறைத்திருக்கிறான். 'போகலண்ணா' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மைக்கிலிருந்து விரலை எடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் உள்ளே போய்க் கிளிப்பைக் கழற்றினேன். அவன் விரல் சில்லிட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அம்மாவோடு கிளம்பினேன். அவன் அழுதபோதெல்லாம் நின்ற நான், அவன் நிஜமாகப் பயந்தபோது நிற்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினான். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.