ஸ்டீரிங் சுற்றிய தூண்டில்

என் வீட்டுக்காரருடைய தூண்டிலின் கைப்பிடி தேய்ந்துபோனதுதான் எங்கள் வீட்டில் வெகுநாள் ஓடிய பிரச்சினை. அவருடைய வலது கையில் பலம் போனது பிரச்சினையே இல்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அவர் லாரி டிரைவர். சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு டீக்கடையும் அவருக்குச் சொந்த வீடு மாதிரி. ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணியது. தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாய் சரியானது, அதுதான் முதலில் சரியானது. காலும் தேறிவிட்டது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் மடங்கும், ஆனால் முழுதாக மூடாது. அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

லாரிதான் இனி இல்லை, ஏரியாவது இருக்கட்டும் என்று தூண்டிலை எடுத்தார். நாட்டு மூங்கில் இல்லை, பெங்களூரில் வாங்கிய ஃபைபர் கோல், ரீல் வைத்தது. கைப்பிடியில் கறுப்பு ஸ்பாஞ்சு. அங்கங்கே பொரிந்து உதிர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த உதிர்ந்த பிடியை வைத்துக்கொண்டுதான் பல வருஷம் மீன் பிடித்தார். இப்போது மீன் கடித்து இழுத்ததும் கோல் கையை விட்டுப் போய் ஏரியில் விழுந்தது.

"பிடி தேஞ்சிருச்சுப்பா, வழுக்குது" என்றார், கூட உட்கார்ந்திருந்த சிநேகிதரிடம். அவர் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கோலை எடுத்துவந்து கொடுத்து, "ஆமா, இப்பல்லாம் கம்பெனிக்காரன் மட்டமாத்தான் செய்யறான்" என்றார். நல்ல சிநேகிதன் என்றால் இப்படித்தான், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பொய் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது ரிப்பேர். பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். சுற்றினார் என்றால், அவர் உத்தரவு போட்டார், நான் சுற்றினேன். கோல் ஏரிக்குள் போனது. ரப்பர் வேர்வையில் வழுக்குகிறது என்றார். பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் டேப் வந்தது. அதுவும் ஏரிக்குள் போனது. பசை சரியில்லை என்றார். உப்புத்தாளை ஒட்டிப் பார்த்ததில் உள்ளங்கைதான் தேய்ந்தது. கண்டக்டருடைய வேட்டி காய்ந்த நாளே கிடையாது. நானோ ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க, பிடிதான் கோளாறு" என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஏனென்றால் எனக்கு வேறு கவலை. அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் சாப்பிடுவார். யாராவது வந்தால் தட்டை மூடிவிடுவார். ஸ்பூன் கொடுத்தால் வலது கையில் நிற்காது. கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், காம்பில் துணி சுற்றிக் கொடுங்கள் என்றாள். பழைய துண்டைக் கிழித்துச் சுற்றி வைத்தேன். எடுத்து வாசலில் வீசினார். "நானென்ன நோயாளியா?" என்று கேட்டார். இல்லை, ஜில்லா கலெக்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தம்பி தாம்பூலத் தட்டோடு வந்து, "மாமா, நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றான். இவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு எனக்கு ஒரு சோலி இருக்குது" என்றார். என்ன சோலி? பந்தியில் இலை போட்டதும் எந்தக் கையை நீட்டுவது என்பதுதான் அந்தச் சோலி. தம்பி முகம் விழுந்துவிட்டது. அவர் இல்லாமல் நான் மட்டும் அந்த மண்டபத்தில் போய் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவருக்கோ தூண்டில் கவலை. "தொப்பூர் பாய்கிட்டப் போனா முடிஞ்சுது. என் ஸ்டீரிங்குக்கெல்லாம் அவர்தானே சுத்துனாரு" என்றார். பஸ்ஸில் ஏறிப் போனோம். கணவாய் இறங்கியதும், லாரிகள் நின்று பிரேக்கை ஆறவிடும் இடத்தில் ஒரு கொட்டகை. லாரி ஸ்டீரிங்குக்கு ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் தைத்து, மேலே வண்ணக் கயிறு பின்னுவது பாயின் தொழில். இவரைப் பார்த்ததும் பாய்க்கு ஒரே சந்தோஷம். தூண்டிலைப் பார்த்ததும் சந்தோஷம் இன்னும் கூடிவிட்டது.

"ஸ்டீரிங்குக்குப் போடற மாதிரியே போடுங்க பாய்" என்றார் இவர்.

"இது குச்சிங்க பாய், சன்னமாப் போடுங்க" என்றேன் நான்.

"அம்மா, எனக்குத் தெரிஞ்சது ஒரே சைஸு. லாரி சைஸு" என்றார் பாய்.

சொன்னபடியே செய்தார். ஸ்பாஞ்சு மேல் ஸ்பாஞ்சு, அதன்மேல் சிவப்பு ரெக்சின், அதன்மேல் மஞ்சள் கயிறு. ரெண்டு முனையிலும் குஞ்சம். ரீல் மாட்டும் இடத்தை மட்டும் விட்டுவைத்தார், அந்த அளவுக்குப் புண்ணியம். "ஒரு சாமி படமும் ஒட்டிரலாமா?" என்று வேறு கேட்டார். தூண்டில் நுனியில் ஈர்க்குச்சியாகவும் அடியில் உலக்கையாகவும் இருந்தது. மிச்சமான ரெக்சினையும் கயிற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஏரிக்கு நானும் போனேன். கோல் தண்ணீரில் விழும், இந்தக் கூத்து இன்றோடு முடியும் என்று பார்க்கத்தான் போனேன். வெயில் ஏறுவதற்குள் மீன் கடித்தது. கோல் வளைந்தது. கண்டக்டர் வழக்கப்படி வேட்டியை மடித்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார். அப்படியே நின்றார். கோல் விழவில்லை. முழுதாக மூட முடியாத விரல்கள் அந்தத் தடிமனுக்கு மூட வேண்டிய அவசியமே இல்லாமல் அதன்மேல் பொருந்தி உட்கார்ந்திருந்தன. இடது கையால் ரீலைச் சுற்றினார். உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தியா? பிடிதான் கோளாறுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அன்றைக்கே வீட்டில் ஒரு ஸ்பூனை எடுத்தேன். பழைய தலையணையிலிருந்து ஸ்பாஞ்சைக் கிழித்துக் காம்பில் வைத்து, பாய் கொடுத்த ரெக்சினைச் சுற்றித் தைத்து, மஞ்சள் கயிற்றை இறுக்கினேன். குஞ்சம் கூட விட்டேன். என் தையலைப் பாய் பார்த்தால் தொழிலையே விட்டுவிடுவார், அப்படி ஒரு தையல். மீன் குழம்போடு தட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

ஸ்பூனை வெகுநேரம் பார்த்தார். "இது எந்த வண்டி ஸ்டீரிங்கு?" என்று கேட்டார்.

"தூண்டிலுக்குப் போட்டது மீந்துபோச்சுங்க. வீணாப் போவுதேன்னு சுத்துனேன்."

துண்டு சுற்றியது நோயாளி ஸ்பூன். ரெக்சின் சுற்றியது லாரி ஸ்பூன். ரெண்டும் ஒரே தடிமன்தான் என்று நான் சொல்லவில்லை. அவர் வலது கையால் சாப்பிட்டார். பாதி சோறு தட்டைச் சுற்றித்தான் விழுந்தது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு வந்தார். இருந்த சோலி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. பந்தியில் சட்டைப் பையிலிருந்து குஞ்சம் ஆட அந்த ஸ்பூனை எடுத்தபோது, எதிர்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பரிமாறியதைக் கூட மறந்து பார்த்தார். இவர் அசரவில்லை. "லாரி ஓட்டுனவனுக்கு ஸ்டீரிங்கப் பிடிச்சாத்தாங்க சோறு எறங்கும்" என்றார். பந்தியே சிரித்தது. பாயசம் ரெண்டு தடவை வாங்கினார்.

அதற்கப்புறம் அந்த ஸ்பூனோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கழுவினால் ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. குழம்பு வாசனை போகாது. வெயிலில் வைத்தால் காக்கை தூக்கப் பார்க்கும். ஆடி மாதம் ஒரு நாள், சாப்பிட்டு முடித்தவர் அதை என் முன்னால் வைத்தார்.

"இந்தா, பிடி தேஞ்சிருச்சு. பாய்கிட்டப் போயி வேற போடணும்."

மறுபடியுமா என்று அலுப்பாக இருந்தது. வழக்கம்போலத் தலையாட்டிவிடலாம் என்று ஸ்பூனைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் அழுத்தும் இடத்தில் ரெக்சின் கிழிந்திருந்தது. கயிறு இற்றுப்போய், ஸ்பாஞ்சு நசுங்கித் தகடாகி, அடியில் எவர்சில்வர் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் புதுசாகவே இருந்தது. என் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன்.

"ஆமாங்க, தேஞ்சுதான் போச்சு" என்றேன். இத்தனை நாளில் அதை நான் மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான்.