கூரையில்லாத வீடுகளின் தீவு

“உப்பு அள்ளுற வீட்டிலிருந்து வந்திருக்கே. படத்தைப் பார்த்து மேப் போடுறதெல்லாம் உனக்கு வருமாம்மா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் டீம் லீட் கேட்டார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று அந்த ஊர் உருது கலந்து பேசுவார். நான் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்தவள்; எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். “வரும் சார்” என்றேன்.

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் கொண்டாப்பூரில் அலுவலகம். வெளிநாட்டு நிலங்களை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வரும். பாதை, வேலி, வீடு என்று ஒவ்வொன்றின் மேலும் கணினியில் கோடு இழுத்து வரைபடமாக்குவோம். ஒரு மழைக்காலத்தில் எனக்கு ஸ்காட்லாந்தின் சின்னத் தீவு ஒன்று வந்தது. இப்போது அங்கே யாரும் இல்லை. மேற்கே செங்குத்துப் பாறை, கிழக்கே படகு ஒதுங்கும் அளவுக்கு ஒரு வளைவு, நடுவே வெறும் புல். ஒரு மரம்கூடக் கிடையாது.

கரையை ஒட்டி வரிவரியாக மேடுகள் தெரிந்தன. யோசிக்கவே இல்லை, உப்பளம் என்று குறித்துவிட்டேன். லீட் அதைப் பார்த்துவிட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

“வருஷம் பூரா மழை பெய்யுற இடம்மா அது. உப்பு எங்கே காயும்?”

கொஞ்ச நாள் எல்லோருக்கும் நான் ‘உப்பு மேடம்’.

ரோஷத்தில் தேடிப் படித்தேன். அவை உருளைக்கிழங்கு நட்ட மேடுகள். மண் ஆழமில்லாத நிலம் என்பதால் அங்கே வாழ்ந்தவர்கள் கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து, மண்ணோடு சேர்த்து உயர்த்தியிருக்கிறார்கள். பிறகு ஆடு வளர்க்க இடம் வேண்டுமென்று நிலத்துக்காரர் அவர்களை வெளியேற்றிவிட்டார்.

மேடுகளுக்குப் பின்னால் அவர்களுடைய கல்வீடுகள். சுவர்கள் மட்டும் நின்றன. கூரையில்லாததை வீடாகக் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. “அழிச்சிடு” என்றார் லீட்.

“கூரை தானா விழலை சார். மரமே இல்லாத ஊரு. போகும்போது உத்திரத்தைக் கழற்றி எடுத்துட்டுப் போயிருப்பாங்க.”

“ஹவ்மா, நீதான் கூடப் போய்த் தூக்கிவிட்டியா? கூரை இல்ல, வீடு இல்ல. வம்பு நக்கோ.”

தூக்கியிருக்கிறேன், வேறு கடற்கரையில். உப்பளம் கைமாறியபோது எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். சுவர் முதலாளியுடையது, பனங்கட்டையும் ஓலையும் எங்களுடையது. அப்பா மேலே ஏறிப் பிரித்துக் கொடுக்க, நான் கீழே நின்று வாங்கினேன். அம்மா வெயில் விழுந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“இனிமே எதுக்கும்மா?”

“வாழ்ந்த வீட்டைக் குப்பையாவா போட்டுட்டுப் போறது? தள்ளி நில்லுட்டி.”

இன்று அங்கே லாரிகள் நிற்கின்றன. என் முதல் சம்பளத்தைப் பார்க்காமலே அம்மா போய்விட்டாள். அவள் பெருக்கிய தரை எந்த வரைபடத்திலும் இல்லை. அதைப் பற்றி யாரிடம் கேட்பதென்றும் எனக்குத் தெரியாது.

அழிப்பதற்காக முதல் வீட்டின் மேல் சொடுக்கினேன். அது நீலமானது. அதற்கு மேல் விரல் நகரவில்லை. பக்கத்து இருக்கைக்காரிக்கு என் கண் தெரியாமலிருக்கக் குனிந்துகொண்டேன்.

படத்தை அனுப்பியவர்களிடம் சந்தேகம் கேட்பதென்றால் லீட் மூலமாகத்தான் கேட்க வேண்டும். அவர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். ‘இந்தச் சுவர்களைப் பாழடைந்த வீடுகள் என்று தனியாகக் குறிக்கலாமா? இங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிழை இருக்கிறதா என்று நிதானமாகப் படித்துப் பார்த்தேன்.

அவர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது மெயில் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டிருந்தது.