விசாரிக்காமல் சொன்ன சாரி

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் தேய்ந்துபோகிற அளவுக்கு நான் பயன்படுத்தியது 'சாரி'. மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் எங்கள் சூப்பர்வைசரிடம் பிடித்துக்கொண்ட வார்த்தை. காலை மிதித்தால் சாரி, லீவு கிடையாது என்றால் சாரி. ஒருநாள் ஃபிட்டர் ஒருவருக்கு மாமியார் தவறிப்போன சேதி வந்தது. அதற்கும் அவர் தலையைச் சாய்த்து "சாரிப்பா" என்றார். மாமியாரை இவர் என்ன செய்தார் என்று எனக்கு ஒரே குழப்பம். கேட்டேன். இங்கிலீஷ்காரன் துக்கத்துக்கும் அதையேதான் சொல்வான் என்றார்.

எனக்கு அது வரப்பிரசாதமாகப் பட்டது. காரணம் என் மூஞ்சி. முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி நிற்பதால், நான் அழுதாலும் சிரிப்பதுபோலவே இருக்கும். ஆர்.கே.பேட்டையில் என் பெரியப்பா செத்தபோது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். ஓர் உறவுக்காரர் காதோரம் குனிந்து, "இன்னாடா, சொத்து எதுனா வருதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சாவு வீடு என்றாலே வேறு தெரு வழியாகப் போய்விடுவேன். என்னைப்போலக் கேலி பேசியே காலம் தள்ளுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? ஒரு வார்த்தையில் காரியத்தை முடித்துக்கொள்ளும் இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கூட்டாளியின் தகப்பனார் போய்விட்டார். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். இவன் மட்டும் வலையை விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவன். நானும் அவனும் ஒரு ஜோடி. பழுக்கக் காய்ந்த கம்பியை அந்தப் பக்கத்திலிருந்து அவன் உருளைக்குள் விடுவான். இந்தப் பக்கம் அது சீறிக்கொண்டு வரும்போது நான் இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஒருவன் கண் அசந்தால் மற்றவன் கால் போய்விடும். அந்த வேலையில் நான் யாரையாவது நம்பினேன் என்றால் அவனைத்தான்.

சேதி வந்த அன்று ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் லாரி ஏறிக் குப்பத்துக்குப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி. லாரி கிளம்பியதும் வலி நின்றுவிட்டது.

ஐந்தாம் நாளே மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்துவிட்டான். அதற்கு மேல் லீவு இல்லை. நான் கிட்டே போய், சூப்பர்வைசர் மாதிரியே தலையைச் சாய்த்து, "சாரிடா" என்றேன்.

அவன் கையுறையை மாட்டிக்கொண்டே, "இன்னாத்துக்கு? நீ இன்னா பண்ண?" என்றான்.

"நான் ஒண்ணும் பண்ணலியேடா."

"அதான். நீ ஒண்ணுமே பண்ணல. ஊரையே நையாண்டி பண்ண வாய் கீது. எங்க நைனா செத்ததுக்கு ஒரு நட வந்து, இன்னாடா ஆச்சுன்னு கேக்க வாயில்ல."

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய் வேறு ஜோடி கேட்டுவிட்டான். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அவனுக்குப் பழையபடி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், எனக்கு செகண்ட் என்றார். கூடவே ஒரு சாரியும் சொன்னார். மிச்சமிருந்த நாட்களில் கம்பி மட்டும்தான் எங்களுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தது.

நாம் துக்கத்தை 'விசாரிக்கிறோம்' என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில்லில் விசாரணை என்றால் எவனுக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அர்த்தம். சாவு வீட்டு விசாரணை வேறு. எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டார், பக்கத்தில் யார் இருந்தது என்று வருகிறவர் எல்லாரும் கேட்பார்கள். பதில் தெரிந்தவர்களும் கேட்பார்கள். வம்புக்கு அலைகிற ஜனம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். போனவரைப் பற்றி இன்னும் ஒரு தடவை பேசவிடுகிற உபகாரம் அது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இங்கிலீஷ்காரனையும் குறை சொல்வதற்கில்லை. வலி உனக்கு, நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்படி நிற்பதற்கு என்னை மன்னித்துவிடு என்றுதான் அவன் சொல்கிறானோ என்னவோ. ஆனால் அதைச் சொல்வதற்கும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். வாசல் நிழலில் தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், 'வா' என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் யாரையும் வாவென்று சொல்வதில்லை. ஆகவே இது சம்பிரதாயமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மணலில் உட்கார்ந்தேன். தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "எப்படிடா ஆச்சு?" என்றேன்.

அம்மாதான் ஆரம்பித்தார். காலையிலேயே நெஞ்சு அடைக்கிறது என்றாராம்.

"காத்தால இல்லம்மா, மத்யானம்" என்று அவன் திருத்தினான். திருத்தியவன் நிறுத்தவில்லை. ஏரியிலிருந்து வந்தது, கால் கழுவியது, குழம்பில் உப்பு இல்லை என்று தட்டை நகர்த்தியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் 'அப்புறம்' என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. என் ஆயுளில் அது ஒரு சாதனை.

"அன்னிக்கி வலையில மாட்னது நாலே எறா. 'இதுக்கு வல எதுக்குடா, கூப்ட்டிருந்தா அதுவே வந்திருக்கும்'னாரு. அதான் கடைசியா பேசுனது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அம்மா அவன் முதுகைத் தடவினார்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தேன். அங்கே போய் வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தேன். பத்தடி போயிருப்பேன், பின்னாலிருந்து அவன் குரல்.

"நாளிக்கு இன்னா ஷிஃப்டு உனுக்கு?"

"ஃபர்ஸ்ட்டுதான்" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், விடிவதற்குள் சூப்பர்வைசரை எங்கே பிடித்து எப்படிக் காலில் விழுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.