கல் கரடியின் சிவப்பு அம்பு

என் மேசையில் ஒரு கரடி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல் கரடி. வாயிலிருந்து நெஞ்சுவரை அதன் விலாவில் ஒரு சிவப்பு அம்பு பதிந்திருக்கிறது. முதுகில் ஒரு நீலக்கல் துண்டைக் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அம்பைத் தொட்டுப் பார்த்து, இது என்ன டேமேஜ் என்று கேட்பார்கள். திருப்பூரில் வேறு எப்படிக் கேட்பார்கள்? துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால், செக்கிங் மேசையில் அதைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஊர் இது. அம்பைக் கண்டாலே எங்கள் கண் குற்றம் தேடப் போய்விடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருந்தேன். முந்தைய கம்பெனியில் லேபிளை மாற்றி அனுப்பி வேலையைத் தொலைத்தவள் நான். இங்கேயும் ஒரு தப்பு என்றால் அப்புறம் இந்தத் தொழிலில் எனக்கு இடமில்லை. முதல் ஆர்டரே அமெரிக்காவில் பழங்குடிக் கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு சின்னக் கடைக்கான டி-ஷர்ட். ஜுனி என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஒரு சிற்பி அதற்கென்று வரைந்து கொடுத்த கரடிப் படம் மெயிலில் வந்தது. கரடியின் விலாவில் சிவப்பு அம்பு. யாரோ குறை கண்டு குறித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்பு காட்டிய இடத்தைக் கண் வலிக்கப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எப்போதோ போட்ட குறி என்று நானாக முடிவு கட்டி, அதை எடுத்துவிடும்படி பிரிண்டிங் மாஸ்டரிடம் சொன்னேன்.

மாஸ்டர் தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர். "எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமாக்கா?" என்றார். கேட்டால் என் அனுபவக்குறைவு தெரிந்துவிடுமே என்ற வீம்பு எனக்கு. வேண்டாம் என்றேன். சட்டையின் முன்பக்கத் துணிகள் எல்லாம் அம்பில்லாத கரடிகளோடு காய்ந்து, தையலுக்குக் கட்டுக்கட்டாகத் தயாராயின.

அந்த வாரமே ஆர்டர் கொடுத்த அமெரிக்கக் கடைக்கார அம்மா நேரில் வந்தார். பையிலிருந்து இந்தக் கரடியை எடுத்து என் மேசையில் வைத்தார். கல்லிலேயே அம்பு. அவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கல் கைக்கு வந்ததும் ஜுனி சிற்பிகள் செதுக்கிவிட மாட்டார்களாம். அதற்குள் எந்த விலங்கு இருக்கிறது என்று பார்த்து, கல்லின் போக்கிலேயே வேலை செய்வார்களாம். திசைக்கு ஒரு விலங்கு காவல். கரடிக்கு மேற்கு, நோய் தீர்க்கும் பலம் அதற்கு உண்டு. சடங்கு செய்து வீட்டில் வைப்பவற்றுக்கு மக்காச்சோள மாவு படைப்பார்கள், விற்க மாட்டார்கள். இது விற்பனைக்கென்றே செய்தது. முதுகில் கட்டிய கல் அதற்குக் கொடுத்த காணிக்கை. அம்பு, மூச்சு வாய்வழியாகப் போய் நெஞ்சைச் சேரும் பாதை. அதில்தான் அதன் உயிர் இருக்கிறதாம்.

அவர் சாப்பிடப் போன பிறகு, அம்பு விடுபட்டுவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். யாரால் என்று சொல்லவில்லை. அவர் கரடியை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் செக்‌ஷனுக்கு நடந்தார். "ஏனுங்க, அம்பை எடுக்கச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார். பின்னாலேயே போயிருந்த நான், துணிக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து விரித்துப் பார்க்கத் தொடங்கினேன். மாஸ்டர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நாந்தான் மொதலாளி. டேமேஜ் மார்க்குன்னு நெனச்சி எடுத்துட்டேன்."

உடனே வேலையில் இறங்கினார். கறுப்பின்மேல் சிவப்பு எடுபடாது என்பதால் முதலில் வெள்ளை அம்பு, அது காய்ந்ததும் அதன்மேல் சிவப்பு. ஒவ்வொரு துணியையும் மேசையில் திரும்ப ஒட்டி, அம்பின் வால் வாயிலும் முனை நெஞ்சிலும் நிற்கிறதா என்று அட்டை வைத்துப் பார்த்துப் பார்த்து ஸ்கிரீனில் சாயத்தை இழுத்தார். நடந்ததை முதலாளி அந்த அம்மாவிடம் மறைக்கவில்லை. அந்த அம்மா பிரிண்டிங் செக்‌ஷனுக்குப் போய், துணியில் சற்று மேடாக நின்ற அம்பை விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை கரடிகளுக்கு மூச்சுக் கொடுத்த கை என்று சொல்லி, இந்தக் கரடியை மாஸ்டருக்கே கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னவளும் நான்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து மாஸ்டர் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கக் கிளம்பினார். போகும்போது கரடியை என் மேசையில் வைத்து, "நீங்க வச்சிக்கோங்கக்கா" என்றார். அவர் போன கையோடு முதலாளியின் அறைக்குப் போய், அம்பை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

"தெரியும் கண்ணு. அன்னைக்குச் சாயங்காலமே மாஸ்டர் எங்கிட்டச் சொல்லிட்டாப்ல. அக்கா தானா வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் பழி எம்மேலயே இருக்கட்டும்னாப்ல" என்றார் முதலாளி.

அந்தக் கம்பெனியில் அதன்பின் பல வருடங்கள் வேலை பார்த்தேன். இன்று சின்னதாக ஓர் ஆபீஸ் எனக்கென்று இருக்கிறது. அது மாஸ்டர் போட்ட பிச்சை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. போனில் பேசும்போது நன்றி சொல்ல ஆரம்பித்தால், அவர் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். கரடி மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இது என்ன டேமேஜ் என்று யாராவது அம்பைத் தொட்டுக் கேட்டால், என்னுடையதுதான் என்று இப்போதெல்லாம் உடனே சொல்லிவிடுகிறேன்.