நடிப்புத் தேர்வுக்கு நாரணாபுரம் போகும் வழி

1961 செப்டம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, என் அக்கா கிரேஸ் தன் நடிப்புச் சான்றிதழைச் சுருட்டாமல் கண்ணாடிச் சட்டத்தோடே எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தாள். ஒன்றே முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு எட்டப்பட்ட முடிவு இது. சுருட்டினால் சிவப்பு அரக்கு முத்திரை உதிர்ந்துவிடும் என்பது அவள் கட்சி. ஒன்றரை அடிக்கு இரண்டடிச் சட்டத்துக்கு மூன்றாம் வகுப்பில் இடம் கேட்டால் அடிப்பார்கள் என்பது என் கட்சி. நான் தோற்றேன். சட்டத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தேன்.

சென்ற பதிவுக்கு வந்த பின்னூட்டங்களில் ஒருவர், நடிப்பைப் பள்ளியில் படித்தால் சினிமாவில் முன்னுக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், சிவகாசிக்குப் போக எது வசதி என்று கேட்டிருந்தார். என் அனுபவத்தில் இரண்டு கேள்விக்கும் ஒரே பயணம்தான் பதில் என்பதால் ஒரே பதிவில் முடிக்கிறேன். கட்டணங்கள் 1961-ஆம் ஆண்டுக்குரியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.

அக்கா அப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, ஒரு மளிகைக் கடை மாடியில் நடந்த நடிப்புப் பள்ளியில் சேர்ந்தாள். பத்து மாதப் படிப்பு. எட்டு வகைக் கோபம், ஐந்து வகை அழுகை, மூன்று வகை மயக்கம். ஆசிரியர் நாடகத்திலிருந்து வந்தவர். கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்காத துக்கம் துக்கமே அல்ல என்பது அவர் கொள்கை. நோயாளிகள் தூங்கும் இடத்தில் ஆறு வருஷம் பேசிப் பழகிய அக்காவுக்குக் குரலில் நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டார்.

படிப்பு முடிந்து ஏறி இறங்கிய கம்பெனிகளில் ஒன்றில் கதாநாயகனின் அக்கா வேஷம் காலியாக இருந்தது. டைரக்டருக்கு அரை மனது. படத்துக்குப் பணம் போடுபவர் சிவகாசிப் பட்டாசு முதலாளி. அவர் சரி என்றால் சரி என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று மேட்ரனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஆகவே சனிக்கிழமை முதலாளி தலையை ஆட்டினால் சினிமா; ஆட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு ரயில். ஒரு பெண்ணைத் தனியே அனுப்பக் கூடாது என்பதால் நானும் போனேன். நான் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன். எனக்கு நடிக்க வராது.

எழும்பூரில் மாலை ஆறரைக்கு வண்டி. விருதுநகருக்குச் சுமார் முந்நூற்று முப்பது மைல். மூன்றாம் வகுப்பு பத்து ரூபாய் நாற்பது காசு. காலை எட்டு பத்துக்கு இறங்கினோம். அடுத்து வரும் சாத்தூரில் இறங்கியிருந்தால் சிவகாசி இன்னும் பக்கம். ஆனால் சாத்தூரில் எங்கள் அப்பா இருந்தார். இட்லி ஒன்று ஆறு காசு. இருவருமாக ஒன்பது சாப்பிட்டோம்.

சிவகாசி பஸ் ஒன்பதே காலுக்கு. பதினாறு மைல், ஐம்பத்தைந்து நிமிடம், ஆளுக்கு எழுபது காசு. விருதுநகரிலிருந்து எந்தப் பக்கம் போகும் பஸ்ஸானாலும் மேலே மிளகாய் மூட்டை இருக்கும் என்பதை முதல்முறை போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆமத்தூர் வருவதற்குள் அக்கா இருபத்து மூன்று தும்மல் போட்டாள். தொண்டை கெட்டுவிடும் என்று பயந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மிச்ச வழியெல்லாம் கண்ணை மட்டும் காட்டி வந்தாள்.

முதலாளியின் கம்பெனி இருக்கும் நாரணாபுரம் சிவகாசி பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மைல். குதிரை வண்டிக்கு எட்டணா.

“சினிமாவுக்கா போறீக?” என்றார் வண்டிக்காரர், விஷயத்தைக் கறந்துகொண்டு. “எம் மச்சினன்கூட சினிமாவுக்குன்னுதான் மெட்ராசு போனான். இப்பம் ஓகோன்னு இருக்கான்.”

“எந்தப் படத்துல?” என்றாள் அக்கா ஆவலோடு.

“ஓட்டல்லம்மா. சரக்கு மாஸ்டர்.”

கம்பெனி வாசலில் காவலர் எங்களைச் சோதித்தார். பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பு கூடாது, இரும்பு கூடாது. தீப்பெட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம்; ஊருக்கே தீப்பெட்டி செய்து கொடுக்கும் ஊரில் என் தீப்பெட்டியைப் பறிகொடுத்தேன். அக்காவின் கொண்டை ஊசிகள் ஆறும் போயின. பிறகு காவலர் போர்வையைப் பிரித்தார்.

“என்னம்மா இது, சாமி படமா?”

“சர்டிபிகேட்டுங்க. முதலாளிகிட்டக் காட்டணும்.”

“பின்னால நாலு ஆணி அடிச்சிருக்கே. உள்ள போவாது.”

சான்றிதழ் வாசலிலேயே தங்கியது.

தீபாவளி சீசனில் எந்தப் பட்டாசு முதலாளியும் உட்கார்ந்து பேசமாட்டார். இவரும் ஷெட்டுக்கு ஷெட்டு நடந்துகொண்டே டைரக்டரின் கடிதத்தைப் படித்தார். ஐம்பது வயது, ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் ஆள்.

“வாங்கம்மா, சாப்பிட்டீகளா? எனக்கு நடிப்பெல்லாம் தெரியாது பாத்துக்கிடுங்க. தெரிஞ்சவுக இங்கன இருக்காக” என்று ஒரு கூடத்துக்குள் அழைத்துப் போனார்.

அது லேபிள் ஒட்டும் கூடம். பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, மைதாப் பசையைத் தடவி, சரவெடிப் பொட்டலங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி குரோசுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நான்கு பொட்டலத்துக்கு, இவ்வளவு என்பதால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு ஜோடிக் கைகள் மட்டும் ஓடின.

“வாரா வாரம் கொட்டகையில மண்ணைக் குமிச்சு உக்காந்து படம் பாக்கிறவுக இவுகதான். நீங்க நடிங்க. இவுக கை நின்னுச்சுன்னா நான் பணம் போடுதேன். நிக்கலேன்னா விருதுநகருக்கு பஸ் ரெண்டு மணிக்கு.”

டைரக்டர் எழுதிக் கொடுத்தனுப்பிய காட்சி இதுதான். அக்காவை அழைக்காமலே தம்பி கல்யாணம் செய்துகொள்கிறான். மறுநாள் அவளைப் பார்க்க வருகிறான். தம்பியின் வரிகளை நான் காகிதத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். அக்கா கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடித் திறந்தாள். நான்காம் வகைக் கோபம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதில் வலது காலை ஓங்கித் தரையில் உதைத்துத்தான் முதல் வார்த்தை. கால் மேலே போனது.

“தாயி!” என்றது ஒரு மெல்லிய குரல். போர்மேன் சண்முகம். “காலை மெதுவா எறக்குங்க.”

அக்கா ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள்.

“பக்கத்து ஷெட்டுல மருந்து கலக்குதாக. இங்கன கால் ஓங்கக் கூடாது. கையை வீசக் கூடாது. சத்தம் போடவே கூடாது. யாராச்சும் திடுக்கிட்டா கை தவறிப் போகும். மத்தபடி நீங்க எப்பிடி வேணாலும் நடிச்சுக்கிடுங்க.”

பத்து மாதப் படிப்பில் இந்த மூன்றையும் கழித்தால் முகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதற்குப் பள்ளியில் மதிப்பெண்ணே கிடையாது. அக்கா காலை இறக்கினாள். அண்ணாச்சி வெளியே வந்து நின்ற லாரியைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு பெண் சிரித்தாள், கையை நிறுத்தாமல்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பசை தடவிக்கொண்டே, தலை நிமிராமல், நோயாளி எழுந்துவிடக் கூடாதே என்று பேசும் அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

“வா தம்பி. உக்காரு. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிந்தது அக்கா” என்று படித்தேன்.

“பந்தியில கடைசி ஆளு வரைக்கும் சோறு இருந்துச்சா?”

“இருந்தது அக்கா.”

லேபிளை ஒட்டி, விளிம்பைக் கட்டை விரலால் நீவினாள். நீவி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். “எனக்குன்னு ஒரு எலை போட்டு வச்சிருந்தியா?”

காகிதத்தில் எனக்கு ஒரு வரி இருந்தது: ‘மறந்துவிட்டேன் அக்கா.’ பிழையில்லாத வரி. அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் காத்திருந்தாள். அடுத்து ‘நீ என் தம்பியா!’ என்று அவள் முழங்க வேண்டும் என்பது கதை. முழங்கவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.

“ஏலே!” என்று ஓரத்திலிருந்து ஒரு சத்தம். பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கூடத்தில் மூத்தவர். “வாயில என்ன கொளுக்கட்டையா வச்சிருக்க? அக்கா கேக்காகல்ல, பதிலச் சொல்லுலே!”

“எங்கிட்டுச் சொல்லுவான்? எலை போட்டிருந்தாத்தானே சொல்லுவான்” என்றாள் இன்னொருத்தி. “மொகரையைப் பாரு.”

“கூடப் பெறந்தவளுக்கு ஒரு எலை போட எம்புட்டு நேரம் ஆகும்? வெளங்குவானா இவன்?”

கூடத்தில் சத்தம் போடக் கூடாது என்று சண்முகம் சொல்லவில்லை. அவரும் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணாச்சி லாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தார். பசைக் கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டு ஜோடியும் மடியில் கிடந்தன.

“சண்முகம், எம்புட்டு நேரமா நிக்கு?”

“ரெண்டு நிமிசம் இருக்கும் மொதலாளி.”

“போன மாசம் கலெக்டர் வந்தாரே, நின்னுச்சா?”

“நிக்கலே.”

“என் மகன் கல்யாணத்துக்கு ஜிலேபி குடுத்தனே, அப்பம்?”

“ஒரு கையால வாங்கிக்கிட்டு ஒரு கையால ஒட்டுனாக.”

அண்ணாச்சி தலையை ஆட்டினார். “டைரக்டருக்கு இன்னிக்கே எளுதுதேன். உக்காந்துதான் பேசணும், உக்காந்தாத்தான் பணம்னு எளுதுதேன். ஏம்மா, நீங்க அளுவாதீக. இங்கன அம்புட்டுப் பேரும் அளுதா லோடு எப்பிடிப் போவும்?”

அக்கா அழுதது பள்ளியில் கற்ற ஐந்து வகையிலும் சேராது.

வாசலில் சான்றிதழைத் திருப்பி வாங்கினோம். காவலர் அதைப் படுக்க வைத்து அதன்மேல் தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார். சிவகாசித் தபாலாபீசில் மேட்ரனுக்கு ராஜினாமாத் தந்தி கொடுத்தோம். அப்பாவுக்கும் ஒன்று கொடுக்கலாமே என்றேன். படம் வந்தால் அவரே பார்த்துக்கொள்வார் என்றாள். விருதுநகரில் மாலை ஆறு மணிக்கு எண்ணெய்ப் புரோட்டா. அக்கா ஏழு சாப்பிட்டாள். விலை நினைவில்லை. அவள் கொடுத்தாள்.

டிசம்பரில் படம் பிடித்தார்கள். அக்கா உட்கார்ந்தே பேசினாள். பிறகு இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு வேஷம் வராத வருஷமே இல்லை. வீடு கட்டினாள், கிரகப்பிரவேசத்துக்கு நாரணாபுரத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். பேச்சியம்மாள் கடைசி வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி முதல் கேள்வி. பயிற்சி பயன்படாது என்று சொல்பவன் நான் அல்ல. பயிற்சியில்லாத ஒருத்தி அந்த வரிகளை ரயிலில் வைத்து மனப்பாடம் செய்திருக்க மாட்டாள். தூக்கிய காலோடு அரை நிமிடம் ஆடாமல் நின்றிருக்கவும் மாட்டாள். ஆனால் அவளோடு படித்த இருபத்தாறு பேருக்கும் கால் நன்றாகவே நின்றது. அவர்களை யாரும் காலை இறக்கச் சொல்லவில்லை. படிப்பவர்கள் படியுங்கள், முடித்ததும், அதில் பாதியைச் செய்ய விடாத ஓர் இடத்தைத் தேடிப் போய் நடித்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: பஸ்தான் வசதி. மூக்குக்கு ஈரத் துண்டு, சுலபமாகக் கழற்றும் செருப்பு வேண்டும்; சட்டைப்பையில் ஒன்றும் இல்லாமல் போவது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் முதலாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் நடந்துகொண்டே பேசத் தயாராக இருக்க வேண்டும்.

படம் மறு வருஷம் ஏப்ரலில் வெளிவந்தது. நடிப்புப் பள்ளி அக்காவின் போட்டோவைப் பெரிதாக்கி மளிகைக் கடைக்கு மேலே மாட்டியது. அந்த ஜூனில் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.